ரப்பர் ஷீட் ரோலருக்கு சிங்கிள் ஃபேஸ் மோட்டார்: முன்னும் பின்னும் ஓட வயரிங் எப்படி?

பால்வெட்டு_அருமனை:
எல்லாருக்கும் வணக்கம். அருமனைப் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர் உண்டு. பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, புகை போட்டு விற்கிறோம். பிளெயின் ரோலர் ஒன்று, அச்சு ரோலர் ஒன்று, இரண்டையும் இதுவரை கையால்தான் சுற்றினோம். ஒரு நாளைக்குப் பதினைந்து ஷீட் வரும். ஒவ்வொன்றும் பிளெயினில் நாலைந்து தடவை, அச்சில் ஒரு தடவை போக வேண்டும். அப்பாவுக்குத் தோள்பட்டையில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி அவர் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம்.

பழைய சாமான் கடையில் 1 எச்.பி. மோட்டார் ஒன்றும், ஒன்றுக்கு முப்பது கியர் பாக்ஸ் ஒன்றும் வாங்கினேன். மோட்டார் பிளேட்டில் 230 வோல்ட், 50 சைக்கிள், 1440 ஆர்.பி.எம். என்று இருக்கிறது. முதுகில் கறுப்பு கண்டென்சர் (கெபாசிட்டர்), 100-120 மைக்ரோஃபாரட். போட்டால் நன்றாக ஓடுகிறது, ஆனால் ஒரே பக்கம்தான்.

எனக்குப் பின்னோட்டமும் வேண்டும். ஷீட் கோணலாகப் போய் ரோலரில் சுற்றிக்கொண்டால், கையால் சுற்றும்போது அரைச் சுற்று பின்னால் விட்டு எடுத்துவிடுவோம். மோட்டாரில் அதற்கு வழி இல்லாமல் போனால் ஒவ்வொரு தடவையும் ஷீட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு சுவிட்சை இந்தப் பக்கம் தட்டினால் முன்னால், அந்தப் பக்கம் தட்டினால் பின்னால் என்று செய்ய முடியுமா? டெர்மினல் பெட்டியில் நாலு வயர் இருக்கிறது.

வாஷிங்மெஷின்_சர்வீஸ்:
ரொம்ப எளிது தம்பி. மாடிப்படியில் போடும் டூவே சுவிட்ச் ஒன்று போதும். கண்டென்சரின் இரண்டு காலுக்கும் மோட்டாருக்குள் இருக்கும் இரண்டு காயிலின் முனைகளைக் கொடுங்கள். இரண்டு காயிலும் சேரும் காமன் வயர் நியூட்ரலுக்கு. ஃபேஸை டூவே வழியாகக் கண்டென்சரின் ஒரு காலுக்குக் கொடுத்தால் முன்னால், மறு காலுக்குக் கொடுத்தால் பின்னால். வாஷிங் மெஷினில் துணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுவது இப்படித்தான். டைமர் செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

வைண்டிங்_தக்கலை:
தம்பி, மேலே சொன்னது வாஷிங் மெஷின் மோட்டாருக்கு நூற்றுக்கு நூறு சரி. உங்கள் மோட்டாரில் அப்படிச் செய்துவிடாதீர்கள், காயில் கருகிப் போகும்.

வாஷ் மோட்டாரில் இரண்டு காயிலும் ஒரே கம்பி, ஒரே சுற்று. அதனால் எதை நேராகக் கரண்டில் போட்டாலும், எதைக் கண்டென்சர் வழியாகப் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். உங்களுடையதில் ரன்னிங் காயில் தடித்த கம்பி. ஸ்டார்ட்டிங் காயில் மெல்லிய கம்பி, அது கிளம்பும்போது ஓரிரு விநாடி மட்டும் வேலை செய்யச் சுற்றப்பட்டது. டூவே போட்டு மாற்றினால் ஒரு பக்கத்தில் அந்த மெல்லிய காயில் நேராக 230 வோல்ட்டில் விடாமல் நிற்கும். தடித்த காயில் கண்டென்சருக்குப் பின்னால் போய்விடும். மோட்டார் உறுமும், இழுக்காது, கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் வாடை வரும். என் கடைக்கு இப்படிக் கருகி வந்த மோட்டார்கள் நிறைய.

உங்கள் கண்டென்சரின் அளவே கதையைச் சொல்லிவிடுகிறது. 100-க்கு மேல் என்றால் அது ஸ்டார்ட்டிங் கண்டென்சர். உள்ளே தண்டில் சென்ட்ரிபியூகல் சுவிட்ச் இருக்கும். நாங்கள் சி.எஃப். என்போம். மோட்டார் முக்கால் வேகம் பிடித்ததும் அது திறந்து, ஸ்டார்ட்டிங் காயிலையும் கண்டென்சரையும் கழற்றி விட்டுவிடும். அதற்கப்புறம் ரன்னிங் காயில் மட்டும்தான் ஓட்டுகிறது.

திசையை மாற்ற ஒரே வழி: இரண்டு காயிலில் ஏதாவது ஒன்றின் இரண்டு முனைகளையும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். வீட்டு பிளக்கில் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றினால் இரண்டு காயிலும் சேர்ந்தே மாறிவிடும், திசை அப்படியேதான் இருக்கும். வழக்கமாக ஸ்டார்ட்டிங் காயிலைத்தான் மாற்றுவோம்.

முதலில் மீட்டரை எடுத்து நாலு வயரையும் ஜோடி ஜோடியாக அளந்து எழுதுங்கள். பிளக்கை உருவிவிட்டு அளக்கவும். கண்டென்சரைத் தொடும் முன் அதன் இரண்டு காலுக்கும் நடுவே ஒரு 100 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு பிடித்துக் காலியாக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பொறி பறக்க விடும் பழக்கம் வேண்டாம், கண்டென்சரும் கெடும், கண்ணுக்கும் கேடு.

பால்வெட்டு_அருமனை:
அளந்தேன் அண்ணே. ஒரு ஜோடியில் 2.9 ஓம். மற்ற இரண்டு வயருக்கும் நடுவே மீட்டர் முதலில் ஏதோ காட்டி, மெல்ல ஏறி, அப்புறம் ஒன்றுமே காட்டவில்லை. காயில் அறுந்து போச்சா?

வைண்டிங்_தக்கலை:
அறுந்திருந்தால் மோட்டார் தானாகக் கிளம்பியே இருக்காது. வரிசையில் கண்டென்சர் நிற்கிறது, அது மீட்டரின் பேட்டரியை வாங்கி நிரம்பிக்கொள்கிறது, அதனால்தான் ஏறிக்கொண்டே போகிறது. கண்டென்சரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு வயரையும் சேர்த்து அளந்து பாருங்கள்.

பால்வெட்டு_அருமனை:
சரியாகச் சொன்னீர்கள். 7.4 ஓம் வருகிறது.

வைண்டிங்_தக்கலை:
2.9 ரன்னிங், 7.4 ஸ்டார்ட்டிங். நாலு முனையும் தனித்தனியாக வெளியே வந்திருப்பது உங்கள் நல்ல காலம். சில மோட்டாரில் உள்ளேயே இரண்டை முறுக்கி மூன்றாக வெளியே விட்டிருப்பார்கள். அதற்கு மூடியைக் கழற்றி, கட்டைப் பிரித்து, நாலாவது வயரை வெளியே கொண்டுவர வேண்டும். அது கடையில் செய்கிற வேலை.

இப்போது வயர்களுக்குப் பெயர் எழுதி டேப் ஒட்டுங்கள். ரன்னிங் ஆர்1, ஆர்2. ஸ்டார்ட்டிங் எஸ்1, எஸ்2. கண்டென்சர் எஸ்1 வழியில் இருக்கட்டும்.

கடையில் டபுள் போல் டபுள் த்ரோ என்று கேளுங்கள், ஆறு முனை உள்ள சுவிட்ச். 16 ஆம்பியருக்குக் குறையாமல், நடுவில் நிற்கும் வகை. ஆறு முனையும் மூன்று வரிசையாக இருக்கும். நடு வரிசை இரண்டிலும் எஸ்1, எஸ்2. மேல் வரிசையில் இடது ஃபேஸ், வலது நியூட்ரல். கீழ் வரிசையில் அதையே குறுக்கே மாற்றி, இடது நியூட்ரல், வலது ஃபேஸ். மேலே இருந்து கீழே போகும் இரண்டு வயரும் பெருக்கல் குறி மாதிரி ஒன்றையொன்று வெட்டிப் போகும். ஆர்1 ஃபேஸுக்கு, ஆர்2 நியூட்ரலுக்கு, இவை சுவிட்சுக்குள் வராது.

லேத்_கோட்டாறு:
வைண்டிங் அண்ணாச்சி சொன்ன வயரிங் சரி. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். முப்பது வருஷமாக லேத் ஓட்டுகிறேன். அந்தச் சுவிட்சில் ஃபேஸும் நியூட்ரலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மோட்டார் கிளம்பிக்கொண்டிருக்கும்போது சட்டென்று தட்டினால் பொறி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவும், ஃபேஸும் நியூட்ரலும் மோதும். என் பழைய சுவிட்ச் ஒன்று இப்படித்தான் முகத்துக்கு நேரே வெடித்தது. புருவம் கருகியதோடு போயிற்று. தட்டுவது எப்போதும் கரண்ட் இல்லாதபோதுதான்.

முடிந்தால் லேத்துக்குப் போடும் ரிவர்ஸ் ஃபார்வேர்டு டிரம் சுவிட்ச் வாங்குங்கள். நெம்பு இந்தப் பக்கம், நடு, அந்தப் பக்கம் என்று மூன்று நிலை. நடுவில் வைத்தால் ரன்னிங் காயிலும் சேர்ந்து அணையும்படி வயர் கொடுக்கலாம்.

பால்வெட்டு_அருமனை:
மார்த்தாண்டத்தில் டிரம் சுவிட்ச் கிடைக்கவில்லை. ஆறு முனை சுவிட்ச் வாங்கி வந்து நேற்று உச்சைக்கு மேல் போட்டேன். முன்னால் ஓடியது, கொள்ளாம் என்று சந்தோஷப்பட்டேன். நிறுத்த நடுவில் கொண்டுவந்தேன். நிற்கவே இல்லை. பின்பக்கம் தட்டினாலும் அதே பக்கம்தான் ஓடுகிறது. கடைசியில் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அப்பா ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கே தப்பு?

வைண்டிங்_தக்கலை:
வயரிங்கில் தப்பு இல்லை. நான் சொல்லாமல் விட்டதுதான் தப்பு, மன்னியுங்கள்.

அந்தச் சுவிட்ச் தொடுவது ஸ்டார்ட்டிங் காயிலை மட்டும். மோட்டார் ஓடத் தொடங்கியதும் அந்தக் காயில் சி.எஃப். வழியாக ஏற்கெனவே கழன்றுவிட்டது. நீங்கள் நடுவில் வைத்தாலும் பின்னால் தட்டினாலும், கழன்று கிடக்கும் காயிலைத்தான் மாற்றுகிறீர்கள். ரன்னிங் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கிறது. அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே ஓடும்.

ஆகவே அந்தச் சுவிட்ச் திசைக்கு மட்டும். நிறுத்துவதற்குத் தனியாக ஒன்று வேண்டும், இரண்டையும் ஒன்றில் கலக்காதீர்கள். மோட்டார் பம்புக்குப் போடும் பச்சை சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டர், உள்ளே காண்டாக்டரும் (கரண்டைச் சேர்த்து வெட்டும் காந்தச் சுவிட்ச்) ஓவர்லோடு ரிலேயும் (பாரம் கூடினால் வெட்டிவிடுவது) உள்ளது, அதை முதலில் போடுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அது வெட்ட வேண்டும். அதிலிருந்து வெளிவரும் இரண்டு வயர்தான் ஆர்1, ஆர்2-க்கும் திசைச் சுவிட்சுக்கும் போக வேண்டும்.

இதில் இன்னொரு நன்மை. கரண்ட் போனால் காண்டாக்டர் விழுந்து வெட்டிவிடும், திரும்ப வந்தாலும் தானாக ஓடாது. மழைக் காலத்தில் நம் பக்கம் கரண்ட் எத்தனை தடவை போய் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். ரோலருக்கு நடுவில் சிக்கிய ஷீட்டை எடுக்கக் கையை வைத்திருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கருங்கல்_வயர்மேன்:
தம்பி, ஷீட் அடிக்கிற இடத்தில் கீழே எப்போதும் வெள்ளம் கிடக்கும், அதிலும் ஆசிட் கலந்த வெள்ளம். வெறுங்காலோடு நிற்பீர்கள். மோட்டார் பாடி, கியர் பாக்ஸ், ரோலர் ஸ்டாண்ட், சுவிட்ச் பெட்டி எல்லாவற்றுக்கும் எர்த் வயர் வந்தே ஆக வேண்டும். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்கள், கரண்ட் கசிந்தால் உடனே வெட்டிவிடுவது அது. பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்று கேட்பார்கள். போர்டில் இருக்கும் சாதாரண எம்.சி.பி. ஆளைக் காப்பாற்றாது, அது வயரைக் காப்பாற்றத்தான்.

வீட்டிலிருந்து ஷெட் எவ்வளவு தூரம், என்ன வயர் இழுத்திருக்கிறீர்கள்?

பால்வெட்டு_அருமனை:
நாற்பது மீட்டர் இருக்கும் சார். ஒரு ஸ்கொயர் எம்.எம். வயர். சாயங்காலம் போட்டால் சில நேரம் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கிறது, புல்லியைக் கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது. அதையும் கேட்க நினைத்தேன்.

கருங்கல்_வயர்மேன்:
கையால் தள்ளுவதை முதலில் நிறுத்துங்கள். தள்ளிவிட்டால் எந்தப் பக்கம் தள்ளினீர்களோ அந்தப் பக்கம் ஓடும், திசைச் சுவிட்ச் என்ன சொல்கிறது என்பதை அது பார்க்காது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ஸ்கொயர் செம்பு வயர் ஆயிரம் மீட்டருக்கு 18 ஓம் சொச்சம். போகவும் வரவும் எண்பது மீட்டர், ஒன்றரை ஓம் கிட்ட. 1 எச்.பி. மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் அளவில் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு. 30 ஆம்பியர் என்று வைத்தால் வயரிலேயே 43 வோல்ட் போய்விட்டது. சாயங்காலம் லைனில் 200 தான் இருந்தால் மோட்டாருக்கு 157. மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். 230-ல் உள்ள பலத்தில் பாதிகூட மிஞ்சாது. உறுமாமல் என்ன செய்யும்? இரண்டரை ஸ்கொயர் இழுங்கள், 43 என்பது 18 ஆகக் குறையும். மோட்டார் கெட்டுப்போச்சு என்று வைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் பலர் இதைப் பார்ப்பதில்லை.

வைண்டிங்_தக்கலை:
உண்மை. வயரை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பிய மோட்டார்கள் என் கடையில் நிறைய உண்டு.

பால்வெட்டு_அருமனை:
இரண்டரை ஸ்கொயர் மாற்றினேன், ஸ்டார்ட்டர் போட்டேன், ஆர்.சி.சி.பி. போட்டேன். உறுமல் நின்றது. சிவப்பு பட்டனை அமுக்கினால் நிற்கிறது. இப்போது ஒரு விசித்திரம். நிறுத்தி, திசையை மாற்றி, பச்சையை அமுக்கினால் பத்து தடவையில் ஆறு தடவை பின்னால் ஓடுகிறது. நாலு தடவை பழையபடி முன்னாலேயே ஓடுகிறது. சுவிட்சில் லூஸ் இருக்குமோ என்று எல்லா ஸ்க்ரூவையும் இறுக்கிப் பார்த்துவிட்டேன்.

ராட்டு_ராஜாக்கமங்கலம்:
தம்பி, இதை நான் சொல்கிறேன். எங்களுக்கு ராட்டில் கயிறு திரிக்கும் வேலை. இழையை ஒரு பக்கம் முறுக்கி, இரண்டு இழையைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். அப்போதுதான் கயிறு பிரியாமல் நிற்கும். அதனால் திசை மாற்றுவது எங்களுக்கு நாள் முழுக்க உள்ள வேலை.

சிவப்பை அமுக்கியதும் பேசாமல் மோட்டார் பக்கம் காதைக் கொடுங்கள். வேகம் குறைந்து குறைந்து வரும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரே ஒரு தடவைதான் கேட்கும், மெல்லிய தகரத்தை விரலால் சுண்டினது போல. அதுதான் சி.எஃப். சுவிட்ச் திரும்ப ஒட்டுகிற சத்தம். அது ஒட்டும் வரை ஸ்டார்ட்டிங் காயில் கழன்றே கிடக்கிறது. நீங்கள் அதற்கு முன்னால் பச்சையை அமுக்கிவிடுகிறீர்கள். ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் ரன்னிங் காயில் அதைப் பழைய பக்கமே இழுத்துக்கொண்டு போகிறது. டக் கேட்டு, தண்டும் நின்ற பிறகு திசையை மாற்றிப் போட்டால் பத்துக்குப் பத்தும் பின்னால்தான் ஓடும்.

என் சின்ன மகனுக்கு எட்டு வயதில் இதைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவன்தான் கண்ணை மூடிக்கொண்டு மோட்டார் ஓட்டுகிறவன்.

பால்வெட்டு_அருமனை:
அண்ணாச்சி, கேட்டேன்! மூன்றாவது தடவைதான் காதுக்குப் பிடிபட்டது, ஆனால் ஒரு தடவை கேட்ட பிறகு விடவே இல்லை. இருபது தடவை மாற்றி மாற்றிப் போட்டேன், இருபதும் சரி.

வைண்டிங்_தக்கலை:
இருபது தடவை எவ்வளவு நேரத்தில்?

பால்வெட்டு_அருமனை:
ஒரு பத்து நிமிஷம் இருக்கும் அண்ணே.

வைண்டிங்_தக்கலை:
கண்டென்சரைத் தொட்டுப் பாருங்கள், சுடும். ஸ்டார்ட்டிங் கண்டென்சர் பொதுவாக மணிக்கு இருபது ஸ்டார்ட், ஒவ்வொன்றும் மூன்று விநாடிக்குள் என்ற கணக்கில் செய்யப்பட்டது. அதை மீறி அடித்தால் மேல் மூடி பிதுங்கி, ஈரப் பஞ்சு மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும். ஷீட்டுக்கு ஷீட் நிறுத்திப் போடாதீர்கள். ஒரே ஓட்டத்தில் பதினைந்து ஷீட்டையும் விடுங்கள். சிக்கினால் மட்டும் நிறுத்துங்கள். அண்ணாச்சியின் ராட்டுக்கு அடிக்கடி திசை மாறணும் என்றால், அதற்கு ரன்னிங் கண்டென்சர் மட்டும் உள்ள, இரண்டு காயிலும் சமமான மோட்டார்தான் தோதானது. வாஷிங்மெஷின் சர்வீஸ் முதலில் சொன்ன வயரிங் அங்கேதான் பொருந்தும்.

ராட்டு_ராஜாக்கமங்கலம்:
ஆமாம், புதிதாக வாங்கிய இரண்டு ராட்டும் அந்த வகைதான். பழையதில்தான் இந்த டக்.

குலசேகரம்_அக்கா:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். தம்பி, ஷீட் சிக்கினால் பின்னால் விடலாம், சரி. கை சிக்கினால்?

ஏழு வருஷம் முன்னால் என் வலது கை நடுவிரலும் மோதிரவிரலும் ரோலருக்குள் போயிற்று. பாலுக்கு வழுவழுப்பு, விரல் எப்போது போனது என்றே தெரியாது. அன்று சுற்றிக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரர். நான் 'அய்யோ' என்றதும் அவர் கை நின்றது, அடுத்த நொடி பின்னால் சுற்றினார். நகம் போனது, விரல் இருக்கிறது. மோட்டாருக்கு நான் அய்யோ என்று கத்தினால் கேட்குமா? அதனால்தான் எங்கள் வீட்டில் இன்னும் கையால் சுற்றுகிறோம். உங்கள் அம்மாவும் ரோலர் பக்கம் நிற்பவராக இருந்தால் இதற்கு ஒரு வழி சொன்ன பிறகு மோட்டாரைப் போடுங்கள்.

பால்வெட்டு_அருமனை:
அக்கா, அம்மாதான் ஷீட்டை உள்ளே விடுகிறவர். ரிவர்ஸ் இருந்தால் அதற்கும் ஆகும் என்றுதான் நினைத்திருந்தேன்.

லேத்_கோட்டாறு:
ஆகாது மக்களே. அக்கா கேட்டதுதான் இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி, பொறுமையாகச் சொல்கிறேன்.

உங்கள் புல்லி அளவு என்ன? மோட்டாரில் மூன்று இஞ்ச், கியர் பாக்ஸில் ஆறு இஞ்ச் என்று வைப்போம். 1440 பாதியாகி 720, முப்பதால் வகுத்தால் ரோலர் நிமிஷத்துக்கு 24 சுற்று. ரோலர் நாலு இஞ்ச் கனம் என்றால் ஒரு சுற்றுக்கு 31, 32 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இழுக்கிறது. விரல் நுனி மாட்டி, நீங்கள் திரும்பிப் பார்க்கும் ஒரு விநாடிக்குள் உள்ளங்கை வரை போய்விடும். அதற்குள் சிவப்பை அமுக்கி, டக் சத்தத்துக்குக் காத்திருந்து, திசை மாற்றி, பச்சையை அமுக்க முடியுமா? அந்தப் பதற்றத்தில் டக் கேட்கும் முன் அமுக்கினால் மோட்டார் திரும்ப முன்னாலேயே ஓடும். அந்த நிலையில் அதைவிடக் கொடுமை வேறில்லை.

இன்னொன்று, உங்களுடையது வார்ம் கியர் பாக்ஸ். ஒன்றுக்கு முப்பது என்றால் ரோலர் பக்கத்திலிருந்து அதைத் திருப்பவே முடியாத அளவுக்குப் பூட்டிக்கொள்ளும். கரண்டை நிறுத்தினாலும் ரோலரைக் கையால் பின்னால் சுற்ற முடியாது. அக்காவின் வீட்டுக்காரர் செய்ததை மோட்டார் போட்ட பிறகு அதே கைப்பிடியில் செய்ய முடியாது.

செய்ய வேண்டியது இவை. ரோலரை மெதுவாக்குங்கள், கியர் பாக்ஸ் புல்லியை எட்டு இஞ்ச் போட்டால் 18 சுற்று. உள்ளே விடும் பக்கம் இரண்டடி நீளத்துக்குச் சரிவாகப் பலகை, அதன் மேல் ரோலர் வாயை மூடி ஒரு தகரம். ஷீட் போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி. கை நீட்டினாலும் வாய்க்கு எட்டக் கூடாது. நின்ற இடத்தில் முழங்கால் உயரத்தில் குறுக்கே ஒரு கம்பி, அதை முழங்காலால் தட்டினால் ஸ்டார்ட்டர் விழ வேண்டும். கடைசியாக, கியர் பாக்ஸின் மோட்டார் பக்கப் புல்லியில் ஒரு சின்னக் கைப்பிடி வெல்டு வைத்துக்கொள்ளுங்கள். கரண்டை வெட்டி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் இருந்து சுற்றினால் ரோலர் பின்னால் வரும். மேல் ரோலரின் இடைவெளி ஸ்க்ரூவை வேகமாகத் தளர்த்த அதற்கான ஸ்பானரைச் சங்கிலியில் கட்டி அங்கேயே தொங்க விடுங்கள்.

கருங்கல்_வயர்மேன்:
முழங்கால் கம்பிக்கு லிமிட் சுவிட்ச் ஒன்று போதும், வெள்ளம் புகாத மூடி உள்ளதாக வாங்குங்கள். ஸ்டார்ட்டரின் சிவப்பு பட்டனுக்குப் போகும் வயரில் அதை வரிசையாகச் சேர்க்க வேண்டும். தட்டாதபோது ஒட்டியிருந்து, தட்டினால் திறக்கும் முனையில் கொடுக்கவும். அப்படிக் கொடுத்தால் வயர் அறுந்தாலும் மோட்டார் நின்றுவிடும். மாற்றிக் கொடுத்தால் வயர் அறுந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

வள்ளம்_முட்டம்:
இடையில் ஒரு கேள்வி. வள்ளத்தைக் கரையேற்ற வின்ச்சுக்கு இதே வயரிங் போடலாமா? ஏற்றவும் இறக்கவும்.

வைண்டிங்_தக்கலை:
சரிவில் இழுத்தால் பாரம் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தும்போது பிடித்து நிற்க பிரேக் இல்லாமல் இந்த மோட்டாரை நம்பாதீர்கள். அங்கே மூன்று ஃபேஸ், பிரேக் உள்ள மோட்டார்தான். கடற்காற்றில் சி.எஃப். முனைகள் சீக்கிரம் களிம்பு பிடிக்கும் என்பது வேறு. தனி இழை போடுங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.

பால்வெட்டு_அருமனை:
இரண்டு வாரம் ஆயிற்று, வந்து சொல்லாமல் இருந்ததற்கு மன்னிக்கவும். லேத் அண்ணாச்சி சொன்ன எல்லாம் முடிந்தது. எட்டு இஞ்ச் புல்லி போட்டோம், வேகம் அப்பா சுற்றுவதைவிடக் கொஞ்சம் குறைவுதான். பலகையும் தகரமும் பக்கத்து வீட்டு ஆசாரி செய்து தந்தார். முதல் நாள் தகரம் கொஞ்சம் தாழ்ந்துபோய் ஷீட் முட்டி நின்றது, அரை இஞ்ச் உயர்த்தினோம்.

முழங்கால் கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று தெரியாமல் அம்மாவை நிற்க வைத்து அளந்தேன். என் உயரத்துக்கு வைத்திருந்தால் அவருக்குத் தொடையில் வந்திருக்கும். முதல் பத்து நிமிஷம் அம்மா ஷீட்டே விடவில்லை. ஓடவிட்டு முழங்காலால் தட்டி நிறுத்துவது, திரும்பப் போடுவது, தட்டி நிறுத்துவது என்று அதையே செய்து பார்த்தார். கண்டென்சர் சுடும் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

பின்னோட்டம் இதுவரை நாலு தடவை தேவைப்பட்டது. நாலும் ஷீட் கோணலாகப் போனதுதான். சிவப்பு, டக், திசை, பச்சை என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறேன். திசைச் சுவிட்சைப் பெட்டிக்குள் வைத்து மூடி போட்டாயிற்று, போகிற போக்கில் யாரும் தட்ட முடியாது. பின்னால் போட வேண்டும் என்றால் மூடியைத் திறந்தே ஆக வேண்டும், அதற்குள் மோட்டார் நின்றுவிடுகிறது.

லேத்_கோட்டாறு:
மூடி போட்டது நல்ல யோசனை, நான் நினைக்காதது. மோட்டார் புல்லியைத் தண்டோடு பிடிக்கும் கிரப் ஸ்க்ரூவை மாதம் ஒரு தடவை இறுக்குங்கள். இரண்டு பக்கமும் ஓடுகிற தண்டில் அது சீக்கிரம் தளரும். புல்லியைத் தண்டோடு பூட்டும் சாவிக் கட்டை இல்லாத புல்லியாக இருந்தால் சாவிக் காடி வெட்டித் தருகிறேன், கொண்டு வாருங்கள்.

குலசேகரம்_அக்கா:
தம்பி, அந்தத் தகரமும் முழங்கால் கம்பியும் நேரில் பார்க்க வேண்டும். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரலாமா? அவருக்கு இப்போது இடது கை தூக்க முடியவில்லை.

பால்வெட்டு_அருமனை:
கட்டாயம் வாருங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை வெட்டு இல்லை, ஆனால் சனிக்கிழமைப் பால் உறைந்து கிடக்கும், ஏழு மணிக்கெல்லாம் ஷீட் அடிக்கத் தொடங்குவோம். அம்மா ஓட்டிக் காட்டுவார். அண்ணனிடம் அந்த டக் சத்தத்தையும் கேட்கச் சொல்கிறேன்.